நரம்பா, பிரெய்டா, ஃபுளோரோவா? தூண்டில் கேள்வி-பதில்

அணையில் கட்லா, ரோகு பிடிக்கிறேன். நைலான் நரம்பைக் கழற்றிவிட்டு பிரெய்டு (பின்னிய நூல்) போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா? (மேட்டூர்)

வேண்டாம். நைலான், அறுவதற்கு முன் 20 சதவீதத்துக்கு மேலேயே நீளும். பெரிய கட்லா கரைக்குப் பக்கத்தில் வந்து திடீரென்று திமிறும்போது, முள் வாயைக் கிழித்துக்கொண்டு வராமல் காப்பது அந்த நீட்சிதான். பிரெய்டு அப்படி நீளாது, விலையும் பல மடங்கு. கடைக்காரர் ஏன் சொல்கிறார் என்பது உங்களுக்கே புரியும். 0.35 மி.மீ. நைலான் தாராளம். தண்ணீரில் ஊறினால் அதன் வலு கொஞ்சம் குறையும், வெயிலும் அதைக் கெடுக்கும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

தாமரைக் குளத்தில் தவளை லூர் (தவளை வடிவப் போலி இரை) போட்டு விரால் பிடிக்கிறேன். மீன் அடிக்கிறது, முள் ஏறுவதில்லை. (தஞ்சாவூர்)

நைலான்தானே போட்டிருக்கிறீர்கள்? பிரெய்டு வேண்டிய இடம் இதுதான். நீங்கள் ராடை வெட்டி இழுக்கும் வேகத்தில் பாதியை நைலானின் நீட்சி தின்றுவிடுகிறது. விராலின் வாயோ எலும்பு. பிரெய்டு பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. தண்ணீரைவிட லேசு என்பதால் மிதக்கும், தாமரைத் தண்டையும் அறுத்துக்கொண்டு வரும். 40, 50 பவுண்டு தாங்குவது போடுங்கள், லீடர் (முனையில் சேர்க்கும் தனி நரம்பு) தேவையில்லை. 8 இழைப் பின்னல் வழவழப்பாக இருக்கும், தூரம் போகும்; ஆனால் செடிக்குள் சொரசொரப்பான 4 இழையே என் தேர்வு.

தூண்டில் வளைவில் (கடலுக்குள் போட்ட கல் தடுப்பில்) பாரை மீன் அடித்தது, 40 பவுண்டு பிரெய்டு பட்டென்று போய்விட்டது. போலிச் சரக்கா? (தூத்துக்குடி)

போலியும் சந்தையில் உண்டு. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கல்தான் அறுத்திருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் பவுண்டு, நேராக இழுத்தால் தாங்கும் கணக்கு. முறுக்கேறி நிற்கும் பிரெய்டு சிப்பி ஒட்டிய கல்லில் ஒரு தடவை உரசினால் அந்தக் கணக்கு செல்லாது. மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாகத் தெறித்துவிடும். முனையில் ஒரு பாகம் (இரு கை விரித்த நீளம்), ஒன்றரை பாகம் தடித்த நைலானோ ஃபுளோரோகார்பன் நரம்போ லீடராகச் சேர்த்துவிடுங்கள். இணைக்க எஃப்.ஜி. முடிச்சு சிறந்தது, ராடின் வளையங்களில் தட்டாமல் போகும். கை பழகும்வரை இரட்டை யூனி முடிச்சு போடலாம்.

ஃபுளோரோகார்பன் மீன் கண்ணுக்கே தெரியாதாமே? (ராமேஸ்வரம்)

தெரியும், கொஞ்சம் குறைவாக. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோவுக்கு 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீரின் எண்ணுக்கு நெருங்க நெருங்கக் கண்ணில் படுவது குறையும். தெளிந்த கடலில் அந்த வித்தியாசத்துக்குப் பலன் உண்டு. கலங்கிய கழிமுகத்தில் அதற்காகக் காசு கொடுப்பது வீண். நான் அதை வாங்குவது வேறு காரணங்களுக்காக: மேல்புறம் கடினம், தண்ணீரை உறிஞ்சாது, வெயிலுக்கு அசையாது, கனமானதால் சட்டென்று அமிழும். நீளவே நீளாது என்று விற்பதை மட்டும் நம்பாதீர்கள், அதுவும் நீளும். விறைப்பு அதிகம் என்பதால் ஸ்பின்னிங் ரீல் முழுக்கச் சுற்றினால் சுருள் சுருளாகத் துள்ளிக்கொண்டு வெளியே வரும். சின்ன லீடர் சுருள் ஒன்று போதும். முடிச்சை எச்சிலில் நனைத்து மெல்ல இறுக்குங்கள். உலர்ந்தபடி இழுத்தால் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே அறும்.

சீலா எல்லா லீடரையும் கடித்துவிடுகிறது. எது தாங்கும்? (நாகப்பட்டினம்)

மூன்றும் தாங்காது. ஒரு சாண் ஸ்டீல் வயர் போடுங்கள்.

ரீலில் பிரெய்டு மொத்தமாக வழுக்கிச் சுற்றுகிறது. டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) கெட்டுவிட்டதா? (சென்னை)

டிராக் நன்றாகத்தான் இருக்கும். வழவழப்பான பிரெய்டு, ஸ்பூலை (நரம்பு சுற்றும் உருளையை) பிடிக்காமல் சுழல்கிறது. முதலில் பத்துச் சுற்று நைலான் சுற்றி, அதில் பிரெய்டை முடிந்து, இறுக்கமாக ஏற்றுங்கள்.

வள்ளத்தில் கைத்தூண்டிலுக்கு பிரெய்டு எடுக்கலாமா? (குளச்சல்)

கலவா மீன் ஒன்று கீழே இழுத்தால் பிரெய்டு விரலைச் சதை வரை அறுத்துவிடும். கைக்குத் தடித்த நைலான்தான். ரொம்ப ஆழத்தில் நைலானில் கடி தெரிவதில்லை என்றால், பிரெய்டு ஏற்றிய ரீலும் குட்டை ராடும் வாங்குங்கள். வெறும் கையில் மட்டும் பிடிக்காதீர்கள்.