உறுப்பினரிடம் எதைக் கேட்பது?

வணக்கம் ஐயா,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில், துணுக்காய் வலயத்தைச் சேர்ந்த ஒரு சிறிய பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறேன். கல்விச் சீர்திருத்தம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசத் தொடங்கியிருக்கிறார்கள் என்றும், கல்விக்கான குழுக்கள் கூடுகின்றன என்றும் செய்திகளில் பார்க்கிறோம். எங்கள் சங்கம் வன்னி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைச் சந்தித்து மனுக் கொடுக்க இருக்கிறது. வகுப்பறைக் கட்டடம் ஒன்றும் போட்டோக் கொப்பி இயந்திரம் ஒன்றும் கேட்போம் என்பதே கூட்டத்தில் பெரும்பாலானோரின் விருப்பம். எங்கள் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பிறகு பதிலாள் வரவில்லை; அதை எழுதுவோம் என்று நான் சொன்னபோது, "கொள்கை கொழும்பில் எழுதப்படுவது, மாகாண சபையும் இல்லை, இவர் என்ன செய்வார்?" என்று கேட்டார்கள். சிறிய பாடசாலைகளை மூடிவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. மனுவில் நாங்கள் எதை எழுத வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)
மாந்தை கிழக்கு

அன்புள்ள நண்பருக்கு,

கட்டடமும் இயந்திரமும் தேவையற்றவை என்று நான் சொல்லமாட்டேன். மாரி காலத்தில் கூரை ஒழுகும் வகுப்பில் பாடம் நடத்துவது எப்படிப்பட்டது என்று வன்னியில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் அவற்றை நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்பது, அவரால் செய்யக்கூடியவற்றுள் மிகச் சிறியதைக் கேட்பதாகும். பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவு நிதி என்ற பெயரில் உறுப்பினர்களின் பரிந்துரைப்படி பணம் ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்ததால், பாண்ட் வாத்தியம், தளபாடம், ஒலிபெருக்கி ஆகியவற்றோடு உறுப்பினரின் பெயர் பிரிக்கமுடியாதபடி சேர்ந்துவிட்டது. கொடுப்பவருக்கு ஒரு படமும் பெறுபவருக்கு ஒரு பொருளும் கிடைப்பதால் இரு தரப்பும் மனநிறைவோடு வீடு திரும்புகின்றன. சட்டம் இயற்றுவதற்காக நாம் தெரிவுசெய்த ஒருவரை நன்கொடையாளராக ஆக்கியதில் எங்கள் பாடசாலைச் சங்கங்களுக்கும் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

உங்கள் கூட்டத்தில் எழுந்த கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண, கல்விக் கொள்கை எந்தெந்த ஆவணங்களில் இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். இலங்கையின் பாடசாலைக் கல்விக்கு அடிப்படைச் சட்டமாக இன்றும் இருப்பது 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். அதன் பின்னர் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களும், 1985 இன் தேசிய கல்வி நிறுவகச் சட்டமும், 1991 இன் தேசிய கல்வி ஆணைக்குழுச் சட்டமும் வந்தன. இவை நாடாளுமன்றம் வாக்களித்து நிறைவேற்றியவை. எனினும் தேசிய கல்வி ஆணைக்குழு தன் கொள்கைப் பரிந்துரைகளைச் சமர்ப்பிப்பது ஜனாதிபதியிடமே. அடுத்த படியில் அமைச்சர் ஆக்கும் ஒழுங்குவிதிகள் உள்ளன. 5 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி என்பது 1997 இல் இவ்வாறு ஓர் ஒழுங்குவிதியாகவே வந்தது. 2016 இல் அவ்வெல்லை 16 வயதுவரை உயர்த்தப்பட்டது. அதற்கும் கீழே, 2014 இல் வர்த்தமானியில் வெளியான இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு (அச்சேவைக்கான விதிகள்) போன்றவை இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் சுற்றறிக்கைகள். எந்தப் பாடசாலைக்கு எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர், எது கஷ்டப் பிரதேசம், எது அதிகஷ்டப் பிரதேசம், எத்தனை ஆண்டு சேவைக்குப் பிறகு இடமாற்றம் கோரலாம் என்பவை பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான் தீர்மானிக்கப்படுகின்றன. உங்கள் கணித ஆசிரியர் சென்றதும், பதிலீடு இல்லாமலே அவர் விடுவிக்கப்பட்டதும் இங்குதான் நடந்தது. உறுப்பினரின் வாக்கு இந்தப் படிக்கு எட்டுவதில்லை. அவருடைய கேள்வி எட்டும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 இல் கூடிய அரசாங்க சபையில், உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொரு துறையையும் தாமே நடத்தினார்கள். கல்விக் குழுவின் தலைவரே கல்வி அமைச்சர். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1947 வரை அந்த இடத்தில் இருந்தார். (யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் பகிஷ்கரிப்பினால் வெறுமையாகக் கிடந்த அந்த 1931 இல், மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருந்தார் என்பது வன்னியிலேயே பலருக்கு நினைவில்லாத செய்தி.) கட்டளைச் சட்டத்துக்கு 1939 வரையும், கல்வி பற்றிய விசேட குழுவின் அறிக்கைக்கு 1943 வரையும், இலவசக் கல்விக்கு 1945 வரையும் ஆயிற்று என்பதைப் பார்க்கும்போது, நேரடி அதிகாரம் பெற்றிருந்தவர்களுக்கே இவ்வேலை எவ்வளவு நீண்டதாக இருந்தது என்று தெரிகிறது. இன்றைய நாடாளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கும் அமைச்சுசார் ஆலோசனைக் குழுவுக்கும் அந்த நிர்வாக அதிகாரம் கிடையாது. அமைச்சின் அதிகாரிகளை எதிரில் அமர்த்தி விளக்கம் கேட்கவும், ஆவணங்களைக் கோரவும், தாம் கண்டதை அறிக்கையிடவும் அவை பயன்படும். அந்த அளவில் அவற்றைப் பயன்படுத்தும் உறுப்பினர் ஒருவர் வன்னிக்குக் கிடைத்தால், பத்துக் கட்டடங்களைவிட அவரை நான் பெரிதாக மதிப்பேன்.

மாகாண சபை பற்றிய உங்கள் சங்கத்தின் ஐயத்துக்கு வருகிறேன். அரசியலமைப்புக்கு 1987 இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தின்படி, தேசிய பாடசாலைகள் நீங்கலான ஏனைய அரச பாடசாலைகளின் நிர்வாகம் மாகாணத்துக்குரியது. தேசியக் கொள்கை மத்திக்குரியது. வட மாகாணத்துக்கு 2013 செப்டெம்பரில் முதன்முதலாகத் தெரிவுசெய்யப்பட்ட சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆகவே மாகாணக் கல்வி அமைச்சும் திணைக்களமும் வலயங்களும் இயங்கிக்கொண்டிருக்க, அவற்றிடம் மக்களின் சார்பில் கேள்வி கேட்கும் சபை மட்டும் இல்லை. கொழும்பில் கேட்டால் அது மாகாண விடயம் என்ற பதில் வருவதற்கும், மாகாணத்தில் கேட்டால் அது அமைச்சின் சுற்றறிக்கை என்ற பதில் வருவதற்கும் இதைவிட வசதியான ஏற்பாடு வேறு இருக்கமுடியாது. உங்கள் உறுப்பினருக்கு முதலில் இப்பதில்தான் கிடைக்கும். அதைக் கேட்டு அவர் உட்கார்ந்துவிடக்கூடாது. மாகாணத்துக்கான ஒதுக்கீட்டை நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையோடு வரவுசெலவுத் திட்டத்தில் நிறைவேற்றுவது நாடாளுமன்றம். பணத்துக்கு வாக்களிப்பவருக்கு அப்பணத்தால் சம்பளம் பெறும் ஆசிரியர் எந்தப் பாடசாலையில் இருக்கிறார் என்று கேட்கும் உரிமையும் உண்டு.

மாகாண நிரலில் உள்ள விடயம் பற்றி வரும் எந்தச் சட்டமூலமும் மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது அரசியலமைப்பில் உள்ள விதி. 2012 இல் வறுமை ஒழிப்புத் திட்டமான திவிநெகும பற்றிய சட்டமூலம் வந்தபோது, வடக்கில் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாத நிலையில் ஆளுநர் அளித்த இணக்கம் சபையின் இணக்கம் ஆகாது என்று உயர் நீதிமன்றம் கருதியது. கல்வி பற்றி நாளை ஒரு சட்டமூலம் வந்தாலும் இக்கேள்வி எழும். அப்போது அதை எழுப்பவேண்டியவர்கள் யார் என்பதை உங்கள் உறுப்பினர் இப்போதே அறிந்திருப்பது நல்லது.

சிறிய பாடசாலைகள் பற்றிய பயம் ஆதாரமற்றதல்ல. 2025 இல் சீர்திருத்தம் பேசப்பட்டபோது, மாணவர் தொகை மிகக் குறைந்த பாடசாலைகளை மூடுவது அல்லது இணைப்பது பற்றிய கருத்தும் அரசாங்கத் தரப்பிலிருந்து வந்தது. நகரத்தில், அரை மைல் தூரத்துக்குள் மூன்று பாடசாலைகள் இருக்கும் இடத்தில், அது விவாதிக்கத்தக்க யோசனைதான். மாந்தை கிழக்கிலோ, நெடுங்கேணியிலோ, மடுவிலோ மாணவர் தொகை குறைந்ததற்குக் காரணம் வேறு. இடம்பெயர்ந்து போன குடும்பங்களுள் ஒரு பகுதி திரும்பவே இல்லை. திரும்பியவர்களுள் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ அனுப்புகிறார்கள். ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் போகிறார்கள், பிள்ளைகள் இல்லாததால் ஆசிரியர் தரப்படுவதில்லை, பின்னர் அதே தொகையைக் காட்டிப் பாடசாலையை மூடலாம் என்கிறார்கள். எஞ்சியிருப்பவை தூர இடத்துக்கு அனுப்ப வழியில்லாத வீடுகளின் பிள்ளைகள். காட்டோரப் பாதையில், யானை நடமாடும் காலத்தில், ஆறு வயதுப் பிள்ளை அடுத்த பாடசாலைக்கு எப்படிப் போகும் என்பதை மாணவர் தொகையை மட்டும் கொண்ட ஓர் அட்டவணை காட்டாது. ஆகவே, அடுத்த பாடசாலைக்கு உள்ள தூரமும், பாதையின் நிலையும், பேருந்து வசதியும் மூடுவதற்கான அளவுகோலில் எழுத்தில் இடம்பெறவேண்டும் என்று கேளுங்கள். மாணவருக்கான சிசு செரிய பேருந்து உங்கள் பக்கம் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடசாலை நேரத்தை 2 மணிவரை நீடிப்பதாக 2025 இல் அறிவித்து, பின்னர் அதைக் கைவிட்டார்கள் அல்லவா? பிற்பகலில் ஒரே ஒரு பேருந்து ஓடும் ஊரில் அந்த அரை மணித்தியாலம் எதைக் குறிக்கும் என்பது, அதை எழுதியவர்களின் முன்னால் இருந்திருக்க நியாயமில்லை.

இனி உங்கள் கணித ஆசிரியர். இதில் ஒரு தவறான வழி எளிதாகத் திறந்திருப்பதால் சொல்கிறேன். உறுப்பினர் வலயக் கல்விப் பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தால் உங்களுக்கு ஓர் ஆசிரியர் வந்துவிடக்கூடும். அவர் பாண்டியன்குளத்திலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோதான் வருவார், அங்கே வகுப்பு வெறுமையாகும். அந்த உதவியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். வன்னியின் சிக்கல் ஆசிரியர் நியமிக்கப்படாதது மட்டுமன்று, நியமிக்கப்படுபவர் தங்காததும் ஆகும். யாழ்ப்பாணத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்து பிற்பகலில் திரும்பும் ஆசிரியரைக் குறைகூறுவது எளிது; அவருக்கு ஒழுங்கான விடுதி ஒன்று இல்லை, தன் பிள்ளைகளைச் சேர்க்கத் தான் படிப்பிக்கும் பாடசாலையை விடச் சிறந்த ஒன்று அயலில் இல்லை, கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு அந்த இழப்பை ஈடுசெய்வதுமில்லை. கட்டாய சேவைக்காலம் முடியும் நாளை அவர் எண்ணிக்கொண்டிருப்பதில் வியப்பென்ன? நீங்கள் கட்டடம் ஒன்றைத்தான் கேட்பதென்றால், ஆசிரியர் விடுதியைக் கேளுங்கள்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்ற முறையில், மன்னாரும் முல்லைத்தீவும் வவுனியாவும் கிளிநொச்சியும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பதை எங்கள் மேடைகளில் ஒரு வெற்றிபோலச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் நின்றுவிட்ட பிள்ளைக்கு அந்த 5 வீதத்தால் பயன் ஏதும் இல்லை.

மனுவை எழுதுமுன் ஒரு வேலை செய்யுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுங்கள்: வலயத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் அனுமதிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, இப்போது கடமையில் இருப்போர் எத்தனை பேர், கடந்த ஐந்து ஆண்டுகளில் இடமாற்றம் பெற்றுச் சென்ற ஒவ்வொருவருக்கும் பதிலாள் வர எத்தனை மாதம் சென்றது. தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். கிடைக்கும் விபரத்தை இணைத்து, இதையே வாய்மூல விடைக்கான வினாவாக நாடாளுமன்றத்தில் எழுப்பும்படி உறுப்பினரைக் கேளுங்கள். பதில் நாடாளுமன்ற உரைப் பதிவேடான ஹன்சாட்டில் பதிவாகும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் கமராக்களுக்கு முன்னால் எழும் வாக்குவாதம் அப்படி எங்கும் பதிவாவதில்லை. பதிலீடு வந்து கடமையேற்ற பின்னரே கஷ்டப் பிரதேச ஆசிரியர் விடுவிக்கப்படவேண்டும் என்பதைச் சுற்றறிக்கையின் தயவில் விடாமல் ஒழுங்குவிதியாக்க வேண்டும் என்ற கோரிக்கையை, கல்வி பற்றிய மேற்பார்வைக் குழுவுக்கு எழுத்தில் கொடுக்கும்படியும் கேளுங்கள். அவர் தயங்கினால், பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு உங்கள் மனுவை முன்வைக்க ஓர் உறுப்பினரின் கையொப்பம் போதும்; வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சிச் சங்கங்களையும் சேர்த்துக்கொள்வதாக இருந்தால், அவர்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருவதால் அங்குள்ள உறுப்பினர் ஒருவரிடம் தனியே கொடுக்கவேண்டியிருக்கும்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். வரவுசெலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதம் வழக்கமாக நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடக்கும். கல்வி அமைச்சின் ஒதுக்கீடு எடுக்கப்படும் நாளுக்கு முன்னதாக வலயத்தின் விபரம் அவர் கையில் இருக்கவேண்டுமானால், ஓகஸ்டுக்கு முன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.