தி க்யூர்: 14 ஆல்பத்தில் எதை முதலில் கேட்பது?

பெரம்பூர் நண்பரே, இங்கிலாந்து ராக் இசைக்குழுவான தி க்யூரை முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்டு, நான்காவதான 'போர்னோகிராஃபி'யில் மூச்சு முட்டி நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். சிக்கலே அந்த வரிசைதான். 1982-இல் வந்த அது ரொம்பவே இருண்ட ஆல்பம். பழகாத காதுக்குப் புழுக்கமாகத்தான் இருக்கும்.

முதலில் 'டிஸின்டக்ரேஷன்' (1989) போடுங்கள். அதன் முதல் பாட்டு மெல்லிய மணிச் சிணுங்கலில் தொடங்கும்; அப்புறம் திடீரென்று சின்தசைசர் அலை மாதிரி எழும். நான் அதை முதன்முதலில் கேட்டது காசிமேட்டில், ராத்திரி கடல் காற்றில், ஹெட்போனில். அந்தப் பாட்டு முடியும்வரை நின்ற இடத்தை விட்டு நகரத் தோன்றவில்லை.

சரி, அது பிடித்துவிட்டால் 'செவன்டீன் செகண்ட்ஸ்' (1980) ஆல்பத்துக்குத் திரும்பிப் போங்கள். 'எ ஃபாரஸ்ட்' பாட்டின் கடைசியைக் கவனித்துக் கேளுங்கள்: மற்றதெல்லாம் ஓய்ந்த பிறகும் சைமன் காலப்பின் பேஸ் கிதார் மட்டும் தனியாக ஒலித்துக்கொண்டிருக்கும். அடுத்து 'ஃபெய்த்', அதன்பின் 'போர்னோகிராஃபி'. இந்த முறை தாங்கும்.

2024-இல் வந்த 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' எட்டே பாட்டு. முதல் பாட்டில் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் பாட ஆரம்பிக்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும், தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். 'வைல்ட் மூட் ஸ்விங்ஸ்' (1996) இப்போதைக்கு வேண்டாம்.