பிலாட்டீஸ்: தனி வகுப்பா, குழு வகுப்பா?

கேள்வி: நான் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன், வயது 43. இடுப்பு வலிக்காக, வயிறு, முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி முறையான பிலாட்டீஸ் பழகும்படி பிசியோதெரபிஸ்ட் கூறினார். அருகிலுள்ள ஸ்டுடியோவில் தனி வகுப்பு ஒன்றுக்கு 2,400 ரூபாய். 12 வகுப்புகளுக்குச் சேர்த்துக் கட்டினால் 24,000 ரூபாய், 45 நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து ரிஃபார்மரில் (ஸ்பிரிங் இழுவையில் நகரும் மேடை கொண்ட பிலாட்டீஸ் கருவி) பழகும் குழு வகுப்புக்கு மாதம் 8 வகுப்புகள் 7,200 ரூபாய். மூன்று மாதங்களுக்கு 24 வகுப்புகள் 19,200 ரூபாய். வீட்டுக் கடன் தவணையும் குடும்பச் செலவும் போக மாதம் 12,000 ரூபாய் மிஞ்சுகிறது. ஒவ்வொரு மாதமும் கடைசி வாரம் அலுவலகத்தை விட்டு நகர முடியாது. எதில் சேரலாம்?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் கடைசி வாரம்தான் இந்தக் கணக்கையே தீர்மானிக்கிறது. வாரம் இரண்டு முறை சென்றால் 45 நாள்களில் 12 வகுப்புகள் சரியாக முடியும். இடையில் ஒரு மாதக் கடைசி குறுக்கிட்டாலே பத்துதான் தேறும். 24,000 ரூபாயைப் பத்தால் வகுத்துப் பாருங்கள், அதே 2,400 ரூபாய் வந்து நிற்கும். சலுகை போன இடம் தெரியாது. அதோடு, சலுகை விலையிலேயே மாதம் எட்டு தனி வகுப்புகளுக்கு 16,000 ரூபாய் ஆகும் என்பதால், அது உங்கள் கைக்கு எட்டுவதன்று. வட்டியில்லாத் தவணை என்று யாரேனும் ஆசை காட்டினாலும் ஏற்காதீர்கள்.

ஆயினும், வலியோடு வருபவர் நேராகக் குழுவில் சேர்வதை நான் ஆதரிக்க மாட்டேன். ரிஃபார்மரில் ஸ்பிரிங்கின் இழுவிசையை ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும். ஐந்து பேரைக் கவனிக்கும் பயிற்சியாளரால் உங்கள் இடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. ஆகவே, முதல் இரண்டு வாரங்களில் நான்கு தனி வகுப்புகளை ஒற்றை விலையிலேயே, 9,600 ரூபாய்க்கு, எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் எந்த ஸ்பிரிங், எத்தனை, கால் வைக்கும் கம்பி எந்த உயரத்தில், எந்த அசைவைத் தவிர்க்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு அந்த நோட்டுதான் வரவு.

பிறகு 7,200 ரூபாய் மாதக் கட்டணத்தில் குழுவில் சேருங்கள். இதுவரை ஆகும் 16,800 ரூபாய், ஆறு வாரங்களில் உங்களுக்கு மிஞ்சும் 18,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். கடைசி வாரம் தவறி ஆறு வகுப்புகளுக்கே சென்றாலும் ஒன்றுக்கு 1,200 ரூபாய்தான், தனி வகுப்பில் பாதி. மூன்று மாதக் கட்டணத்தில் மிச்சமாவது மொத்தம் 2,400 ரூபாய். அதற்காக முதலிலேயே 19,200 ரூபாயை முடக்க வேண்டாம். மாதத்தில் ஒரு வாரம் நிறுத்திவைக்கும் வசதியை ரசீதிலேயே எழுதித் தருவார்களானால் அப்போது யோசிக்கலாம்.

பணம் கட்டுமுன், சொன்ன தொகையில் ஜிஎஸ்டி அடக்கமா என்று கேளுங்கள். உடற்பயிற்சி நிலையங்களுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. பழைய விகிதத்தில் பில் நீட்டினால் திருத்தச் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீட்டுக்குக் கிடைப்பது போன்ற வருமான வரிக் கழிவு இந்தக் கட்டணத்துக்குக் கிடையாது.