கொடைக்கானலில் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். நண்பர்கள் சேர்ந்து விளையாட்டாகச் செய்கிற மாதிரி எளிய சமையல் ஏதாவது சொல்லுங்களேன்?

கேள்விக்குக் கீழே, "வீடியோ பார்த்து அப்படியே செய்தோம், பருப்பே வேகவில்லை, எங்களுக்குச் சமையல் வராது போலிருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். தம்பி என்று கூப்பிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று பேர், ஒரே அறை, ஒற்றை அடுப்பு, குக்கர் இல்லை, ஊர் கீழே எங்கேயோ. இப்படித்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. கீழே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். அதனால்தான் கீழே நன்றாகக் குழைகிற துவரம்பருப்பு, இங்கே திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் பல்லில் கடிபடுகிறது.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் மலைக்குக் கீழே இருக்கிற பெரியகுளத்துக்காரி. பதினாறு வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி இங்கே வந்தேன். முதல் வாரம் நான் வைத்த சாம்பாரில் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் கரண்டியால் அதைக் கிளறிப் பார்த்துவிட்டு, "உங்கம்மா இதுகூடச் சொல்லித் தரலையா?" என்று கேட்டார். என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். எங்கம்மா நூறு பேருக்குத் தனியாகச் சமைத்துப் போடுகிறவர். அந்த வார்த்தை இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. அதனால் யாராவது "எனக்குச் சமையல் வராது" என்று எழுதினால் என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. முதல் வேலையாக ஒரு மூன்று லிட்டர் குக்கர் வாங்குங்கள். கீழே மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் நாங்கள் நான்கு பேர். பக்கத்து வீட்டுத் தையல் அக்கா, பக்கத்து மலைக் கிராமமான பூம்பாறையில் பிறந்த ஒரு அக்கா, எதிர்வீட்டில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், அப்புறம் நான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவோம். அவரவர் வீட்டில் மீந்து கிடக்கிற, சீக்கிரம் தீர்க்க வேண்டிய ஒரு பொருளைச் சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். குலுக்கி எடுக்கிற சீட்டில் என்ன வருகிறதோ அதில்தான் சமைக்க வேண்டும். அரை மணி நேரம். உப்பு, எண்ணெய் போக ஐந்து பொருளுக்கு மேல் கூடாது. கடைக்கு ஓடக் கூடாது. எப்படி வந்தாலும் எல்லோரும் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். மழைக் காலத்தில் மூன்று நாள் பனிமூட்டம் விலகாமல் கிடக்கும்போது இந்த ஒரு மணி நேரத்துக்காகவே ஞாயிறு வராதா என்று இருக்கும்.

அதில் தேறிய முதல் பண்டம் மரத்தக்காளிச் சட்னி. சந்தையில் முட்டை வடிவத்தில் கருஞ்சிவப்பாக வைத்திருப்பார்களே, அதுதான். காம்பை இடுக்கியால் பிடித்து நேரே தீயில் காட்டுங்கள். ஒரு நிமிடத்தில் தோல் பட்டென்று வெடித்துச் சுருளும், சாறு பர்னரில் சொட்டிப் பொசுங்கும், புளிப்பும் புகையும் கலந்த ஒரு வாசனை வரும். அதுதான் பதம். ஆறியதும் தோலை முழுக்க உரித்துவிட வேண்டும், கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் கசக்கும். அதே தீயில் நாலு பல் மலைப்பூண்டு, இரண்டு பச்சை மிளகாய் சுட்டு, உப்புப் போட்டுக் கையால் பிசைந்து, ஒரு சிட்டிகை வெல்லம், ஒரு கரண்டி நல்லெண்ணெய். மிக்ஸி வேண்டாம், அரைத்தால் விதை நசுங்கி ருசி மாறிவிடுகிறது. சுடுசோற்றுக்கு இதைவிட எனக்கு எதுவும் வேண்டாம்.

பூண்டு மட்டும் மலைப்பூண்டாக இருக்கட்டும். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கப்புறம் எந்தப் பூண்டைக் கொட்டி வைத்தாலும் மலைப்பூண்டு என்றே சொல்லி விற்கிறார்கள். பூம்பாறை அக்கா பல்லை நகத்தால் கீறி மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். நல்ல மலைப்பூண்டு என்றால் காரம் மூக்கில் ஏறும்.

கேஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். தீயில் சுடு, ஐந்து விசில் வை என்று சுலபமாக எழுதிவிட்டேன், ஆனால் எங்கள் தெருவுக்குச் சிலிண்டர் வண்டி வராது. மேட்டில் வண்டி ஏறாதாம். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போன் பண்ணுவார்கள். தூக்கி வர ஆளுக்குத் தனியாகக் காசு. அதே மேட்டில் சீசன் நேரத்தில் தங்கும் விடுதிக்குப் பெரிய பெரிய கார்களெல்லாம் ஏறி வருகின்றன. போன வருடம் மழையில் நானும் தையல் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம். அவருக்கு இன்னமும் இடுப்பு வலி போகவில்லை. எழுதிக் கொடுத்தும் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் மலையில் சமையல் என்றால் இதுவும் சேர்ந்ததுதான், நீங்கள் அறை பார்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேரக்காய்த் தோல் துவையல். சௌசௌ என்றும் சொல்வோம். கூட்டுக்குச் சீவிய தோலைத் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீருக்குள் வைத்துச் சீவினால் பால் கையில் பிசுபிசுக்காது. உளுத்தம்பருப்பு, வரமிளகாய் வறுத்து, தோலை நீர் சுண்டும்வரை வதக்கி, துளி புளி, தேங்காய் வைத்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் பரிமாறினால் பீர்க்கங்காய்த் துவையல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

பட்டர் ஃப்ரூட் சீட்டு வந்த அன்றைக்கு எதிர்வீட்டுப் பெண் அதைக் கொதிக்கிற குழம்பில் போட்டுவிட்டாள். வெண்ணெய் மாதிரி கரையும் என்று நினைத்திருக்கிறாள். கரைந்தது, ஆனால் குழம்பு முழுக்கக் கசப்பு. சூடு பட்டால் அந்தப் பழம் கசந்துவிடும். சூடாக்கியும் சாப்பிடலாம் என்று சிலர் சொல்ல வருவீர்கள், லேசாகக் காட்டினால் சரி, கொதிக்க விட்டால் நான் சொன்னதுதான் நடக்கும். அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. சட்டப்படி நாங்கள் எல்லோரும் ஒரு வாய் சாப்பிட்டோம். பூம்பாறை அக்கா இரண்டாவது வாயும் சாப்பிட்டார். எனக்குப் பதினாறு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒருத்தர் பந்தியில் இருந்திருந்தால் என்று அப்போது தோன்றியது. அந்தப் பழத்தை அரிசிக்குள் புதைத்து, காம்புப் பக்கம் அழுத்தினால் நெகிழ்கிற வரை பழுக்க விடுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, நிறைய எலுமிச்சை சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்திக்குப் போதும். எலுமிச்சை சேர்த்தால் சீக்கிரம் கறுக்காது.

"இதெல்லாம் நம்ம பாரம்பரியச் சமையலா?" என்று யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மரத்தக்காளி, மேரக்காய், பட்டர் ஃப்ரூட் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான், மிளகாய் இல்லாமல் யாரும் இங்கே குழம்பு வைப்பதில்லை. நான் சமையல் படித்தவள் இல்லை, கிராம் கணக்கு கேட்டால் சொல்லத் தெரியாது. கையளவுதான்.

அப்புறம், இட்லி மாவு அரைத்து ராத்திரியில் புளிக்கவில்லை என்று அடுத்த கேள்வி போடுவீர்கள். டிசம்பர், ஜனவரியில் ஒரு ராத்திரி போதாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரையுங்கள், கையால் கரையுங்கள், பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி மூடியுள்ள அரிசி டிரம்முக்குள் வையுங்கள். அப்படியும் மறுநாள் மத்தியானம்வரை ஆகலாம், அதனால் முதல் நாள் காலையிலேயே அரைத்துவிடுவது நல்லது.

இந்த ஞாயிறே மூன்று பேரும் சீட்டுப் போட்டுப் பாருங்கள். உங்கள் அறையில் பருப்பு எத்தனை விசிலில் வெந்தது என்பதையும் இங்கே வந்து எழுதுங்கள். நீங்கள் இருப்பது பெருமாள்மலையா, மேலே ஏரிப் பக்கமா என்பதைப் பொறுத்து ஒன்று கூடக் குறைய வரும்.