சைக்கிளுக்கு மோட்டார்: கிட் வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

சாதா சைக்கிளை மின்சைக்கிளாக மாற்றுவது பற்றி வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம்.

அப்பா ஓட்டிய 28 இன்ச் கறுப்பு சைக்கிள், ராட் பிரேக். தினமும் பிராட்வேக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். 26 இன்ச் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுக்குடத்திலேயே இருக்கும் மோட்டார்) கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?
– கொருக்குப்பேட்டை வாசகர்

வாங்காதீர்கள். சக்கரத்தை எப்படியாவது மாட்டிவிடலாம், பிரேக் பிடிக்காது. உங்கள் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மி.மீ. கிட்டோடு வரும் 26 இன்ச் மவுண்டன் சைக்கிள் ரிம்முக்கு அது 559. ஆக, ரிம் 38 மி.மீ. உள்ளே போய்விடும். ராட் பிரேக்கின் ரப்பர் கட்டை ரிம்மை விட்டு டயர் பக்கம் நிற்கும்.

"மோட்டாரை மட்டும் வாங்கி என் ரிம்மிலேயே கோத்துக்கொள்கிறேன்" என்று அடுத்து தோன்றும். கம்பிகளை எண்ணிப் பாருங்கள். இந்த வகை சைக்கிளில் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40. ஹப் மோட்டாரில் 36 துளை. நான்கு துளையை விட்டுக் கோத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் சைக்கிளுக்குப் பொருந்துவது கேரியருக்குக் கீழே, பின்சக்கரத்தின் பக்கவாட்டில் பொருத்தும் செயின் மோட்டார்: 24 வோல்ட், 250 வாட், உள்ளே கியர் பெட்டி உள்ள பிரஷ் மோட்டார். சத்தம் போடும், ஒரு காலத்தில் கார்பன் பிரஷ் மாற்ற வேண்டிவரும். ஆனால் ரிம், பிரேக், ஃபோர்க் எதையும் தொட வேண்டியதில்லை.

இதில் கணக்கு ஒன்று உண்டு. இவ்வகை மோட்டாரின் வெளித்தண்டு நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று சுற்றும், அதில் 9 பல். பின்சக்கரத்தில் 18 பல் ஃப்ரீவீல் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பல்சக்கரம்) போட்டால் சக்கரம் 150 சுற்று. உங்கள் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் நகரும் என்பதால் மணிக்கு 20 கி.மீ. வரும். 16 பல் போட்டால் 22. ராட் பிரேக் வைத்துக்கொண்டு 20-க்கு மேல் ஆசைப்பட வேண்டாம், 18 பல்லே போடுங்கள்.

மோட்டார் செயின் இடப்பக்கம் வரும். அதற்கு இருபுறமும் திரெட் உள்ள ஹப் தேவை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: சாதாரண ஃப்ரீவீலை இடப்பக்கம் திருப்பிப் போட்டால் எதிர்த்திசையில் பிடிக்கும், மோட்டார் சும்மா சுற்றும். இடது திரெட் கொண்ட, இடப்பக்கத்துக்கென்றே செய்த ஃப்ரீவீலும் அதற்கேற்ற ஹப்பும் கேட்டு வாங்குங்கள். ரத்தன் பஜார் பக்கம் போகும்போது பழைய ஹப்பைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால் பேச்சு மிச்சம். பின் ஹப்புக்கு 40 துளையே கேளுங்கள்.

மோட்டார் தகட்டை முறுக்கும் முன் இரண்டு பல்சக்கரங்களின் மேலும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் இரண்டு பல்லின் முகத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். 3 மி.மீ. விலகினாலும் பள்ளத்தில் செயின் கழன்று கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். செயின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை இன்ச் ஆட்டம் இருக்கட்டும். தகட்டைக் கேரியரில் மட்டும் தொங்கவிடாமல் பின் ஆக்சிலோடு ஒரு பட்டையால் இணையுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் இழுக்கும்போது கேரியரே முன்னே சாயும்.

கடைசியாக பிரேக் சுவிட்ச். பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்கவேண்டும். கிட்டில் வரும் லீவர் கேபிள் பிரேக்குக்கானது, உங்கள் ஹேண்டில்பாரில் பயன்படாது. காந்தத்தில் இயங்கும் கட்-ஆஃப் சென்சார் தனியாகக் கிடைக்கும். காந்தத்தை பிரேக் ராடிலும், சென்சாரைப் பக்கத்திலுள்ள குழாயிலும் கட்டிவிடுங்கள். லீவரை அரை இன்ச் இழுத்ததும் மோட்டார் நின்றால் சரி.

முன்பக்கம் ஷாக் அப்சார்பர் உள்ள 26 இன்ச் கியர் சைக்கிள். மோட்டாரை முன்னால் போடுவதா, பின்னாலா? 500 வாட் போட்டால் லைசென்ஸ் கேட்பார்களா?
– திருவொற்றியூர் வாசகர்

பின்னால். ஷாக் ஃபோர்க்கின் நுனி அலுமினிய வார்ப்பு. சக்கரத்தைத் தாங்கத்தான் அது செய்யப்பட்டது, மோட்டார் முறுக்குவதைத் தாங்க அல்ல. விரிசல் விட்டால் முன்சக்கரம் மொத்தமாகக் கழலும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது நடக்கக்கூடாது.

பின் டிராப்அவுட்டின் (ஃப்ரேமில் ஆக்சில் உட்காரும் வெட்டு) உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 135 மி.மீ. இருந்தால் 36 வோல்ட் 250 வாட் பின் ஹப் மோட்டார் அப்படியே இறங்கும். ஸ்டீல் ஃப்ரேமாக இருந்து நான்கைந்து மி.மீ. குறைந்தால் விரித்துக்கொள்ளலாம். அலுமினிய ஃப்ரேமை விரிக்கக்கூடாது.

மோட்டார் ஆக்சில் 12 மி.மீ. உருண்டை, இருபுறமும் தட்டையாகச் சீவி 10 மி.மீ. ஆக்கியிருக்கும். அந்தத் தட்டை முகங்கள் டிராப்அவுட்டின் சுவர்களோடு ஒட்டி நிற்பதால்தான் ஆக்சில் சுழலாமல் இருக்கிறது. வெட்டு கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் தட்டை அரத்தால் இருபுறமும் நாலு இழுப்பு, மாட்டிப் பார், மறுபடி நாலு இழுப்பு. அரம் அதிகமாகப் போய்விட்டால் ஆக்சில் ஆடும், ஆடினால் ஒருநாள் சுழலும், சுழன்றால் உள்ளே போகும் ஒயர்களை முறுக்கி அறுத்துவிடும். அதற்குக் காப்பாக டார்க் ஆர்ம் எனும் ஸ்டீல் பட்டையை ஆக்சிலில் கோத்து ஃப்ரேம் குழாயில் கிளாம்ப் போடுங்கள். கிட்டில் இல்லையென்றால் தனியாக வாங்குங்கள்.

ஒயர் வெளிவரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். முதல் 20 கி.மீ. ஓடியதும் ஆக்சில் நட்டை மறுபடி முறுக்குங்கள். புதுச் சக்கரத்தின் கம்பிகள் தளரும், 100 கி.மீ.க்குள் ஒருமுறை கோட்டம் எடுத்துவிடுங்கள்.

500 வாட் பற்றி: மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் இருக்கும் சைக்கிள், அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் சரிபார்க்கப்பட்டிருந்தால் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அந்த வரம்பைத் தாண்டினால் பதிவு, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வரும், வீட்டில் மாற்றிய சைக்கிளுக்கு அவற்றை வாங்க வழியே இல்லை. கவனியுங்கள், நாமே மாட்டியது எந்தச் சோதனையும் பார்க்காதது. 250 வாட்டிலேயே நிற்பது நல்லது.

காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வீதிவீதியாக விற்கிறேன். கேரியரில் 40 கிலோ கூடை, நாளுக்கு 25 கி.மீ. விலை குறைவு என்று லெட் ஆசிட் பேட்டரி சொல்கிறார்கள். போதுமா?
– காசிமேடு வாசகி

போதாதும்மா. 12 வோல்ட் 12 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி மூன்று சேர்த்தால் 36 வோல்ட், எடை 12 கிலோ. 12 ஏஎச் என்று எழுதியிருந்தாலும் ஒரு மணி நேரத்தில் இழுத்தால் 7, 8 தான் கொடுக்கும். தினமும் அடிவரை இறக்கினால் ஒரு வருஷம் தாண்டுவதே கஷ்டம்.

உங்கள் சுமையோடு பெடல் போடாமல் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 14 வாட்-மணி ஆகும். 25 கி.மீ.க்கு 350. 36 வோல்ட் 10 ஏஎச் லித்தியம் பேட்டரியில் மொத்தமே 360. முதல் மாதம் சரியாக வரும், ஆறாவது மாதம் வழியில் நிற்கும். 13 ஏஎச் வாங்குங்கள், கிளம்பும்போதும் பாலம் ஏறும்போதும் பெடல் போடுங்கள். உங்களையும் கூடையையும் சைக்கிளையும் சேர்த்து 140 கிலோ. மேம்பாலச் சரிவில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏறவே மோட்டாரின் முழுபலமும் வேண்டும். கால் கொடுக்காமல் ஆமை வேகத்தில் ஏற்றினால் காயில் (மோட்டாருக்குள் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள்) சூடாகும், உள்ளே இருக்கும் நைலான் கியரின் பல் மழுங்கும். சற்று எடை கூடினாலும் பரவாயில்லை என்றால் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரி கேளுங்கள், பல வருஷம் உழைக்கும். அதன் சார்ஜர் 43.8 வோல்ட், மற்ற லித்தியத்துக்கு 42 வோல்ட். ஒன்றின் சார்ஜரை இன்னொன்றில் செருகக்கூடாது.

உங்களுக்கு முதல் எதிரி ஐஸ் தண்ணீர். மீன் கூடையிலிருந்து சொட்டும் உப்புநீர் நேராக விழும் இடத்தில்தான், அதாவது கேரியருக்குக் கீழே, பலரும் பேட்டரிப் பெட்டியை வைக்கிறார்கள். உங்களுடையதை ஃப்ரேமின் நடு முக்கோணத்தில் கட்டுங்கள். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியின் ஒயர் பக்கம் கீழே பார்க்கட்டும். ஒவ்வொரு இணைப்பிலும் செருகும் முன் வாஸ்லின் தடவுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கடற்காற்றில் பச்சை பூத்துவிடும், அதனால் சால்டர் வைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். கூடையின் கீழே ரப்பர் ஷீட் விரித்து ஒரு ஓரத்துக்கு வடிகால் விடுங்கள். ராத்திரி நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும், பைப்பைப் பிடித்து அடிக்க வேண்டாம்.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தேன். மறுநாளிலிருந்து மோட்டார் உதறுகிறது, நகர மறுக்கிறது, "கரகர" என்கிறது. மோட்டார் போய்விட்டதா?
– வியாசர்பாடி வாசகர்

பெரும்பாலும் இல்லை. அந்த உதறலுக்கு ஹால் சென்சார் (மோட்டாரின் காந்தம் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது) வரிசை கெட்டதே வழக்கமான காரணம். மோட்டாரிலிருந்து மூன்று தடித்த ஒயரும் ஐந்து மெல்லிய ஒயரும் வரும். மெல்லிய ஐந்தின் செருகியைக் கழற்றிப் பாருங்கள். ஊசிகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பல்துலக்கியால் தேய்த்து, ஒருநாள் காயவிட்டு மாட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால் மல்டிமீட்டர். இணைப்பு மாட்டியபடியே, சுவிட்ச் போட்டு, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் கன்ட்ரோலர் பக்கம் கோளாறு. வந்தால், மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலேயே வைத்து, சிவப்பு முனையை மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றிலும் வைத்துச் சக்கரத்தை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கியர் மோட்டாரில் உள்ளே ஒரு கிளட்ச் இருப்பதால் முன்னோக்கிச் சுற்றினால் சக்கரம் மட்டும் ஓடும், உள்ளே எதுவும் அசையாது. இது தெரியாமல் மூன்று சென்சாரும் போச்சு என்று முடிவுகட்டியவர்கள் நிறைய. நல்ல சென்சாரில் மீட்டர் 0, 5, 0, 5 என்று குதிக்கும். ஒன்று மட்டும் ஒரே எண்ணில் நின்றால் அந்தச் சென்சாரை மாற்றினால் போதும்.

தடித்த மூன்று ஒயருக்கும் சோதனை உண்டு. கன்ட்ரோலரிலிருந்து கழற்றிவிட்டுச் சக்கரத்தைப் பின்னால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும். ஏதாவது இரண்டைத் தொட வைத்தால் விக்கிவிக்கிக் கனமாகச் சுற்றும். கழற்றியபிறகும் கனமாகவே இருந்தால் காயில் ஷார்ட், அப்போதுதான் மோட்டாரைத் திறக்க வேண்டும்.

அடுத்த மழைக்கு: ஆக்சில் அளவுக்குத் தண்ணீர் என்றால் இறங்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையைப் போல வீட்டுக்குள் தண்ணீர் வந்து பேட்டரி மூழ்கினால், காய்ந்துவிட்டது என்று சார்ஜில் போடவே கூடாது. வெட்டவெளியில் தனியாக வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மூழ்கிய செல் சில நாள் கழித்துக்கூடப் பற்றும்.

ஆறு மாதமான 36 வோல்ட் பேட்டரி. சார்ஜர் பச்சை காட்டுகிறது, ஆனால் 8 கி.மீ.யில் பட்டென்று நிற்கிறது. சுவிட்சை அணைத்துப் போட்டால் கொஞ்சம் ஓடுகிறது.
– பெரம்பூர் வாசகர்

முழு சார்ஜில் மீட்டர் வைத்தால் 42 வோல்ட் இருக்க வேண்டும். 40 என்றால் பத்து வரிசை செல்களில் ஏதோ ஒன்று நொந்திருக்கிறது. மற்ற ஒன்பதிலும் சக்தி இருக்கும்போதே அந்த ஒன்று காலியாகிவிட, செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் பலகை மொத்தத்தையும் வெட்டுகிறது. விற்றவர் முன்னால் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய ஒயர் வரிசையில் அடுத்தடுத்த இரண்டின் நடுவே அளந்தால் எல்லாம் 4.1 காட்டும், குற்றவாளி மட்டும் 3.5 என்று காட்டிக்கொடுப்பான். செல்களின் மேலுறை வெவ்வேறு நிறமாகவோ, பழைய வெல்டிங் பிய்த்த தழும்போடோ இருந்தால் உங்களிடம் விற்றது பழைய லேப்டாப் செல். உத்தரவாதத்தில் புதுப் பெட்டி கேளுங்கள், ஒட்டுப்போட ஒத்துக்கொள்ளாதீர்கள். மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி பேட்டரிக்கே போகிறது, பேரம் பேசிக் குறைக்கிற இடம் அதுவல்ல.

இன்னொன்று: மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தீ என்று வந்தால் மொத்த வீட்டுக்கும் அதுதான் வெளியேறும் வழி. இடத்தை மாற்றுங்கள். ஓட்டி வந்ததும் அரைமணி ஆறவிட்டு, விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?
– தண்டையார்பேட்டை வாசகி

36 வோல்ட் 10 ஏஎச் பேட்டரியை ஒருமுறை நிரப்ப, சார்ஜர் இழப்பையும் சேர்த்து, அரை யூனிட்டுக்குள்தான். மாதம் 25 நாள் போட்டாலும் இரண்டு மாத பில்லில் 25 யூனிட்டைத் தாண்டாது. இலவச யூனிட்டுக்குள் அடங்கும் வீடானால் காசே இல்லை.

பெடல் போட்டே பேட்டரியை சார்ஜ் செய்ய டைனமோ வைக்கலாமா?
– எண்ணூர் மாணவர்

சாதாரணமாக மிதிப்பவர் தொடர்ந்து கொடுப்பது 70, 80 வாட். அதை டைனமோ வழியாகப் பேட்டரிக்கு அனுப்பி, திரும்ப மோட்டாருக்கு எடுத்தால் வழியிலேயே பாதி சூடாகப் போய்விடும். மிதிக்கிற பலத்தை நேராகச் செயினுக்கே கொடுங்கள். டைனமோவை விளக்குக்கு வைத்துக்கொள்ளலாம். மணலி சாலையில் ராத்திரி ஓட்டுவதாக இருந்தால் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் போடுங்கள்.