கீரைக்கும் கணக்கு வேண்டுமா?
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நான் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன், வயது 43. எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதால், நாளொன்றுக்கு 1500 கலோரி என்று வைத்துக்கொண்டு, உண்பதையெல்லாம் கைபேசிச் செயலியில் எழுதி வருகிறேன். கீரை, வெள்ளரிக்காய், தக்காளி என்று ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுவது பெரும் அலுப்பாக இருக்கிறது. "காயும் பழமும் எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஏறாது, அதையெல்லாம் எழுதவே வேண்டாம்" என்கிறார் என் மைனி (அண்ணி). இப்போது சக்கைக் (பலாப்பழக்) காலம் வேறு. அவர் சொல்வதைக் கேட்கலாமா?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: உங்கள் மைனி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிதான் நம் குமரி மாவட்டத்துச் சமையலில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

முதலில் சரியான பாதியைப் பார்ப்போம். வெள்ளரிக்காயில் 100 கிராமுக்குச் சுமார் 15 கலோரிதான் இருக்கிறது. தடியங்காயில் (வெண்பூசணியில்) அதைவிடச் சற்றுக் குறைவு. தக்காளியில் 18, கீரை வகைகளில் 25-ஐ ஒட்டி, முட்டைக்கோஸில் 25, பீன்ஸில் 30 சொச்சம். இவற்றில் பெரும்பகுதி தண்ணீர். எஞ்சியதில் கணிசமான பங்கு நார்ச்சத்து. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தருகிறது என்றால், குடலில் முழுமையாகச் செரிக்காத நார்ச்சத்து ஏறத்தாழ 2 கலோரிதான் தருகிறது. இந்த வகைக் காய்களை நாளெல்லாம் சேர்த்து அரைக் கிலோ உண்டாலும் 75 முதல் 150 கலோரிக்குள் அடங்கிவிடும். அளவுக் கரண்டியால் ஊற்றாத எண்ணெயிலும், கையால் அள்ளிய மிக்சரிலும் நாம் விடும் பிழை அதைவிடப் பெரிது. ஆகவே, தினமும் காலையில் "காய்கறி: 100 கலோரி" என்று ஒரே வரியாக எழுதிவிட்டு, வெள்ளரிக்காயைத் தராசில் வைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இதைச் சோம்பலுக்கான சலுகையாகச் சொல்லவில்லை. எழுதுவது தொல்லையாக இருந்தால் நாளடைவில் நாம் உண்பதே மாறிப்போகிறது; உறையில் கணக்கு அச்சிட்டு வரும் பிஸ்கட்டை எழுதுவது எளிது, அவியலை எழுதுவது கடினம் என்பதற்காகவே காயைக் குறைத்துக்கொண்டு பிஸ்கட்டுக்கு மாறியவர்கள் உண்டு.

உங்கள் மைனி சொல்வது அவராகக் கண்டுபிடித்ததும் அல்ல. அமெரிக்காவின் எடைக் குறைப்பு நிறுவனமான வெயிட் வாட்சர்ஸ் 2010-இல் கொண்டுவந்த புள்ளி முறையில், பெரும்பாலான பழங்களுக்கும் மாவில்லாத காய்களுக்கும் பூஜ்யம் புள்ளி என்று வைத்தது. பிஸ்கட்டும் ஆப்பிளும் ஒரே புள்ளி என்றால் பலர் பிஸ்கட்டையே எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் காரணம். அந்தப் பூஜ்யத்துக்குக் கலோரியே இல்லை என்று பொருளன்று. ஒருவர் சாதாரணமாக உண்ணும் காய், பழத்துக்கு இடம் விட்டுத்தான் அன்றாட மொத்தப் புள்ளி வகுக்கப்பட்டது. அதோடு, உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகளுக்கு அந்த முறையில் பூஜ்யம் தரப்படவில்லை. பூஜ்யம் மட்டும் கடல் தாண்டி வந்து சேர்ந்துவிட்டது. நிபந்தனைகள் அங்கேயே தங்கிவிட்டன.

இனி நம் அடுக்களைக்கு வருவோம். நம்மூரில் காயைக் காயாக மட்டும் யாரும் உண்பதில்லை. நான்கு பேருக்கு ஓர் அவியல் வைப்பதாகக் கொள்ளுங்கள். சேனை 100 கிராம், வாழைக்காய் 100 கிராம், வெள்ளரியும் புடலையும் நூறு நூறு கிராம், கொஞ்சம் கத்தரி, முருங்கை, கேரட் என்று எல்லாவற்றையும் கூட்டினால் காய்களின் பங்கு 300 கலோரிக்குள் வந்துவிடும். அதிலும் முக்கால்வாசி சேனையும் வாழைக்காயும் தருவது. இதில் அரைமுறித் தேங்காயை அரைத்து விடுகிறோம். துருவல் 130 கிராம் என்றாலும், 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி என்ற கணக்கில், அது மட்டுமே 450-ஐத் தாண்டுகிறது. இறக்கும்போது மேலே ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் இன்னொரு 240. ஆக, சட்டியில் உள்ள ஆயிரத்தை ஒட்டிய கலோரியில் 700 தேங்காயிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்தவை. ஓர் ஆள் பங்கு 250. இதை "வேகவைத்த காய்கறி, ஒரு கிண்ணம்" என்று செயலியில் எழுதினால் அது 60 அல்லது 70 என்று காட்டும், நாமும் நம்பிவிடுவோம்.

துவரன், எரிசேரி, தீயல் என்று தேங்காய் சேரும் கறிகள் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். காயை எழுத வேண்டாம். அதில் போட்ட தேங்காயையும் எண்ணெயையும் கட்டாயம் எழுதுங்கள். வீட்டுக்கு வாங்கும் தேங்காயும் எண்ணெயும் எத்தனை நாளைக்கு, எத்தனை பேருக்கு வருகின்றன என்று ஒரு வாரம் கவனித்து, நாளால் வகுத்து, ஆளால் வகுத்து, அந்தச் சராசரியை எழுதிக்கொள்வது ஒவ்வொரு கறிக்கும் துருவலை நிறுப்பதைவிட எளிது.

அடுத்தது கிழங்கு. சந்தையில் காய்கறிக் கடையிலேயே கிடைப்பதால் மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கையும்) சேம்பையும் சேனையையும் காய்கறி என்று நினைத்துவிடுகிறோம். பச்சை மரச்சீனியில் 100 கிராமுக்குச் சுமார் 160 கலோரி உள்ளது. வெந்த சோற்றில் சுமார் 130. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் பயிரை ஊக்குவித்ததும், 1942-இல் பர்மா அரிசி வருவது நின்றபோது இந்தப் பகுதி மக்களுக்கு அது கைகொடுத்ததும், சோற்றுக்கு மாற்றாக நிற்கும் வலு அந்தக் கிழங்குக்கு இருந்ததால்தான். உலக சுகாதார நிறுவனமும் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ணச் சொல்லும்போது, உருளைக்கிழங்கு, மரச்சீனி, சர்க்கரைவள்ளி போன்றவற்றை அந்த 400 கிராமில் சேர்ப்பதில்லை. கிழங்கும் மீன்கறியும் உண்ணும் வேளையில் சோறு வேண்டாம். சோறு உண்ணும் வேளையில் கிழங்கு தொட்டுக்கொள்ளும் அளவோடு இருக்கட்டும். எப்படியானாலும் அதை எழுதிவிடுங்கள்.

பழங்களுக்குத் தராசு தேவையில்லை, எண்ணிக்கை போதும். ஒரு கொய்யா, ஒரு ஆரஞ்சு, ஒரு கீற்று பப்பாளி என்று எழுதினால் போதுமானது. தர்பூசணியில் 100 கிராமுக்கு 30, பப்பாளியில் 43, அன்னாசியில் 50, மாம்பழத்தில் 60, கொய்யாவில் 68 என்ற அளவில் இருக்கும் கலோரி, சக்கைச் சுளையில் 95 ஆகிறது. பழுத்த ஏத்தனில் (நேந்திரம் வாழைப்பழத்தில்) 120-ஐ எட்டுகிறது. சக்கையை வெட்டி, பிசின் ஒட்டாமல் கையில் எண்ணெய் தடவி, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே தின்னும்போது யாரும் சுளையை எண்ணுவதில்லை. கொட்டை நீக்கிய சுளை 25 கிராம் என்று கொண்டால், 15 சுளை 350 கலோரி. அது ஒரு தட்டுச் சோறு. சக்கைக் காலத்தில் சக்கை தின்னாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு சுளையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். கொட்டையை அவித்துத் தின்பதாக இருந்தால் அதையும் மாவுப் பொருளாகவே எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மாலையில் மிக்சருக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் காலையில் ஆரஞ்சை விடுவது, கணக்கில் சரியாகத் தோன்றினாலும், பசியில் சரிவராது.

கேள்வி: நம்மூர் மட்டிப் பழம் எந்தச் செயலியிலும் இல்லை. வெறுமனே வாழைப்பழம் என்று போட்டால் 105 கலோரி என்று காட்டுகிறது. அது சரிதானா?
- ஒரு வாசகர், திருவட்டாறு

பதில்: மட்டிக்கு அது மிக அதிகம். அந்த 105 என்பது வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் நீண்ட மஞ்சள் வாழைப்பழத்துக்கான கணக்கு. தோல் நீங்கிய சதை 118 கிராம் என்று கொண்டு போட்டது. கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. செயலிக்காரர்கள் இன்னும் அதை அறியவில்லை. மட்டி சிறிய பழம். இரண்டு மூன்று சேர்ந்தால்தான் அந்த ஒன்றுக்கு ஈடாகும். மாறாக, பெரிய ஏத்தன் ஒன்று அதைத் தாண்டிவிடும். செந்துளுவனும் (செவ்வாழையும்) பருமனைப் பொறுத்துத் தாண்டக்கூடும். பெயரைத் தேடி அலையாமல், நீங்கள் வழக்கமாக வாங்கும் பழத்தின் சதையை ஒரே ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். மட்டி, ரசகதலி, செந்துளுவன் போன்றவற்றுக்கு கிராமுக்கு ஒரு கலோரி என்றும், ஏத்தனுக்கு அதோடு கால்பங்கு கூட்டியும் கணக்கிட்டால் பெரிய பிழை வராது.

இந்திய உணவுகளுக்கான அட்டவணை வேண்டுமென்றால், ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்டது இருக்கிறது. அதில் ஆற்றல் கிலோ ஜூல் அலகில் தரப்பட்டிருக்கும், 4.2-ஆல் வகுத்தால்தான் நாம் பேசும் கலோரி கிடைக்கும். வகுக்காமல் படித்துவிட்டுக் கீரையில் இவ்வளவா என்று பயந்துவிட வேண்டாம். மேலும், அட்டவணையில் உள்ளவை பச்சைப் பொருளுக்கான எண்கள். கீரை வெந்தால் சுண்டும். நீர் வற்றிய பொருளில் அதே கலோரி சிறிய எடைக்குள் அடங்கிவிடும். ஏத்தங்காய் உப்பேரி (சிப்ஸ்) இதற்கு நல்ல உதாரணம்: நீர் வெளியேறி, எண்ணெய் உள்ளே புகுந்து, 100 கிராமில் 500 கலோரியைத் தாண்டுகிறது. அதைப் பழக் கணக்கில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு தக்காளித் துண்டைக்கூட எழுதாமல் வாயில் வைப்பதில்லை. எழுதிய எண் தாண்டிவிட்டால் அழுகிறாள்; மறுநாள் பட்டினி கிடக்கிறாள். எடை ஏற்கெனவே குறைவுதான். நான் என்ன சொல்வது?
- ஒரு தாய், குளச்சல்

பதில்: காய்கறியை எழுத வேண்டுமா என்ற கேள்வி உங்கள் மகளைப் பொறுத்தவரை எழவே கூடாது, அவர் எதையுமே எழுதக் கூடாது. எடை குறைவாக உள்ள ஒருவர் கலோரியைக் கணக்கிட வேண்டிய தேவை இல்லை. எண்ணைக் கண்டு அழுவதும், ஈடுகட்டப் பட்டினி கிடப்பதும் உணவுக் கட்டுப்பாடு அல்ல, உணவு சார்ந்த மனநோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். மாதவிடாய் தவறுகிறதா, தலைசுற்றல் உண்டா, குளிர் தாங்காமல் போகிறதா, மற்றவர்களோடு அமர்ந்து உண்பதைத் தவிர்க்கிறாரா என்று கவனியுங்கள். இவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொது மருத்துவரிடம் ஒரு முறையும் மனநல மருத்துவரிடம் ஒரு முறையும் அழைத்துச் செல்வதைத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் அவர் தட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ, புகழ்ந்தும்கூட, யாரும் பேச வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். "நல்லா மெலிஞ்சிட்டியே" என்று வரும் சித்தியையும் அத்தையையும் வாசலிலேயே நிறுத்துவது கடினம்தான்; ஆனாலும் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள். கைபேசியைப் பிடுங்குவதால் பயன் இல்லை, எண்கள் அவர் மனத்தில் இருக்கின்றன.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உள்ளது. பழச்சாறு, இளநீர், அக்கானி (பதநீர்) ஆகியவற்றைப் பழத்தோடு சேர்த்து எழுதலாமா, தண்ணீராக விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், கொட்டாரம்

பதில்: தண்ணீராக விடக் கூடாது. இளநீரில் 100 மில்லிக்கு 20 கலோரி அளவில்தான் இருப்பதால், ஒரு காய்க்கு 60 என்று எழுதினால் போதும். அக்கானியில் 100 மில்லிக்கு 10 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். ஒரு குவளை 80 முதல் 100 கலோரி. பனையிலிருந்து வந்தது என்பதற்காக உங்கள் இரத்தம் அதற்குத் தனி மரியாதை தராது. கருப்பட்டிக்கும் இதுவே பொருந்தும்.

பழச்சாற்றைப் பழமாகவும் கருத வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மதிய உணவுக்கு முன் ஒரே அளவு கலோரியுள்ள ஆப்பிளைத் துண்டுகளாகவும், கூழாகவும், சாறாகவும் வெவ்வேறு நாட்களில் கொடுத்துப் பார்த்தார்கள். துண்டுகளை மென்று தின்ற நாளில், ஆப்பிளின் கலோரியையும் சேர்த்தே, மொத்த உணவு 15 சதவீதம் குறைந்தது. சாறு குடித்த நாளில் அந்தப் பயன் கிடைக்கவில்லை. சாறு பிழியும்போது மூன்று ஆரஞ்சு ஒரு குவளைக்குள் போய்விடுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால், கலோரியைவிட ஒரு வேளையில் உள்ளே போகும் மாவுச்சத்தின் அளவே முக்கியம்; ஆகவே பழம், கிழங்கு, அக்கானி மூன்றையும் எழுதி வைத்து அந்தக் குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால் இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் மிகுந்தவை. அவற்றை எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரைக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம்.