"தள்ளி நில்லுங்க, பயப்படும்": பதறுகிற நாயை வெளியே கூட்டிப்போவது எப்படி?

கேள்வி: எங்கள் செவலை தெருவில் கிடந்த குட்டி. ஐந்து மாதத்தில் எடுத்து வந்தோம், இப்போது இரண்டு வயது. வீட்டில் அவ்வளவு சாது. வெளியே போனால், வேறு நாயையோ தெரியாத ஆளையோ கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு குரைத்துத் தள்ளுகிறாள். மூன்றாம் மாடிப் பையன் கட்டிப்பிடிக்க ஓடி வருகிறான். கீழ்வீட்டு மாமா "நாய்ங்களுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்" என்று கையை நீட்டுகிறார். நாலு பேரிடம் பழக்கிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகி, மடிப்பாக்கம்)

செய்யாதீர்கள். பயப்படுகிற நாயை ஆட்கள் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால் பயம் தெளியாது, கூடத்தான் செய்யும். செவலையின் குரைப்புக்கு "தள்ளிப் போ" என்றுதான் பொருள். குரைத்தால் எதிரே வந்தவர் விலகுகிறார், அதனால் அது பலிக்கிற வழி என்று கற்றுக்கொண்டிருக்கிறாள். குரைத்தும் யாரும் விலகாவிட்டால் அடுத்தது பல்தான். குரைப்பதற்காக அடிக்கவோ கயிற்றைச் சுண்டவோ வேண்டாம். எச்சரிக்கையை நிறுத்திவிட்ட நாய் சொல்லாமல் கடிக்கும்.

குரைப்பதற்கு முன்பே அவள் பல தடவை சொல்லியிருப்பாள். நாக்கைத் தொங்கவிட்டு நடந்துகொண்டிருந்தவள் வாயைப் பட்டென்று மூடுவாள். உதட்டை ஒரு முறை நக்குவாள், தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விடுவாள். தலை ஒரு பக்கமும் பார்வை ஒரு பக்கமுமாகக் கண்ணின் வெள்ளை தெரியும். அப்புறம் ஒரு கணம் உடம்பு விறைக்கும். அந்த வாய் மூடுகிற நொடியைப் பிடிக்கப் பழகிவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. நடக்கும்போது போனைப் பையில் போட்டுவிடுங்கள், கண் செவலை முகத்தில் இருக்கட்டும்.

இன்னொரு நாயைப் பார்த்தும் அவளால் நீங்கள் தரும் தீனியைத் தின்ன முடிகிறதே, அந்தத் தூரம்தான் உங்கள் அளவுகோல். அது பத்து அடியாக இருக்கலாம், நூறு அடியாகவும் இருக்கலாம். அங்கேயே நின்று, அவள் அந்த நாயைப் பார்த்த பிறகு வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் பார்வை, பிறகு கோழி. தீனியை முதலில் காட்டினால், பையைத் திறந்தாலே ஏதோ வரப்போகிறது என்று பதறுவாள். துண்டு சுண்டுவிரல் நகம் அளவு போதும், உப்பு வேண்டாம். குழம்பிலிருந்து எடுத்தது கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. தின்ன மறுத்தால் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், திரும்பி நடங்கள்.

திரும்புவதையும் தனியாகப் பழக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே "வா, போலாம்" என்று சொல்லி, சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி நடந்து, தீனி கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவை, விளையாட்டு மாதிரி. அவசரத்தில் அதுவே கைகொடுக்கும். திரும்ப வழியில்லாத சந்தில் மாட்டிக்கொண்டால், நிறுத்தியிருக்கும் இரண்டு காருக்கு நடுவே புகுந்துகொண்டு, கைப்பிடித் தீனியைத் தரையில் இறைத்துவிடுங்கள். மூக்கு கீழே போனால் பார்வையும் கீழே போகும். கழுத்துப் பட்டையில் இழுபடுவதைவிட மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் நல்லது. இறுகும் சங்கிலி வேண்டாம்.

தெருநாய்கள்தான் நம் ஊரில் பெரிய சிக்கல். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அது எந்த டீக்கடையோடு முடிகிறது என்று இரண்டு நாள் நாய் இல்லாமல் தனியாக நடந்து பார்த்துக்கொண்டு, அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். துரத்தி வந்தால் ஓடாமல் குறுக்கே நின்று, பிஸ்கட்டை அவற்றுக்குப் பின்பக்கம் தள்ளி வீசிவிட்டு விலகலாம். கல் எடுப்பது போலக் குனியாதீர்கள். தெருநாய் பின்வாங்கும்தான், ஆனால் தெருவில் பிறந்த உங்கள் செவலைக்கும் அந்தக் குனிதல் என்னவென்று தெரியும்.

மனிதர்களுக்கு வருவோம். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட நாயின் கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கட்டுகிறார்கள், 'கிட்டே வராதீர்கள்' என்பதற்கு அடையாளமாக. 2012 வாக்கில் இது பரவலானது. நல்ல யோசனை. ஆனால் நம் ஊரில் மஞ்சள் துணியைப் பார்த்தால் வேண்டுதல் என்றுதான் நினைப்பார்கள். அதனால் ஹார்னஸின் இரண்டு பக்கமும் "தொடாதீங்க, பயப்படும்" என்று பெரிய எழுத்தில் தைத்துவிடுங்கள். வாயால் சொல்லும்போது "கடிக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது மறுநாளே அசோசியேஷனில் புகாராக வந்து நிற்கும். "இதுக்கு வைத்தியம் நடக்குது மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே நடங்கள், நிற்காதீர்கள். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கத்தான் தோன்றும். செவலைக்காக நீங்கள் பேசாவிட்டால் அவளே பேசிவிடுவாள்.

லிஃப்டில் ஆள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள், முடிந்தால் படிக்கட்டு. கூண்டு மாதிரி இருக்கும் வாய்மூடியையும் பழக்கி வையுங்கள். முதல் வாரம் அதற்குள் தீனி வைத்துத் தின்னவிட்டால் போதும், வாரை மாட்ட அவசரம் இல்லை. வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை வேண்டவே வேண்டாம். நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, சென்னை வெயிலில் வாயைக் கட்டுவது உயிருக்கே ஆபத்து. எப்போதாவது யாரையாவது கீறிவிட்டாலோ கடித்துவிட்டாலோ, தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விடாமல், காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

தினமும் வெளியே போயே ஆக வேண்டும் என்பதும் இல்லை. முந்தின நாள் பட்டாசிலோ சண்டையிலோ மிரண்டிருந்தால் அந்தப் படபடப்பு மறுநாளும் இருக்கும். அன்றைக்கு மொட்டை மாடியில் அதிகாலை நடையும், கோணிப்பை மடிப்பில் ஒளித்துவைத்த தீனியைத் தேடுவதுமே போதும். இந்தப் பதற்றம் திடீரென்று வந்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை. திடீரென்று வந்ததென்றால் காது, மூட்டு, உண்ணிக் காய்ச்சல் ஆகியவற்றை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள். வலியிருக்கிற நாய் யாரையும் கிட்டே விடாது. பயம் அதிகமென்றால் மருந்தும் உண்டு, கேட்கத் தயங்காதீர்கள்.

அந்த மூன்றாம் மாடிப் பையனைத் திட்டி விரட்ட வேண்டாம். நாய்மேல் ஆசையுள்ள பிள்ளை. அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: நீங்கள் இறங்குவதற்கு முன் படிக்கட்டு காலியாக இருக்கிறதா என்று பார்த்துக் கீழே இருந்து கையை ஆட்ட வேண்டும். செவலை தாண்டிப் போகும்வரை சுவரோரம், வேறு பக்கம் பார்த்தபடி நிற்க வேண்டும்.